ஏழு மணிக்கு வரும் நாலு எண்

14 ஜூலை 2024, ஞாயிறு

ஞாயிறு இங்கே வேலை நாள்தானே, இன்று தம்பி ஜெயாவை கிளினிக்குக் கூட்டிப்போனேன். ஊசி போட்டாயிற்று. மாத்திரை அதே மாத்திரைதான். வழக்கம்போல அரை நாள் பெஞ்சைத் தேய்த்துவிட்டு வீட்டுக்கு வரலாம் என்று பார்த்தால் நர்ஸ் அனீசா மிஸி விடவில்லை. ஜெயாவின் போனை வாங்கி ஓர் ஆப் போட்டுக் கொடுத்தார். பச்சை இலைப் படம். இனி தினமும் காலை ஏழு மணிக்கு அது நாலு கேள்வி கேட்குமாம். எத்தனை மணி நேரம் தூங்கினாய், சத்தம் எவ்வளவு, பயம் எவ்வளவு, மனசு எப்படி. ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து ஒன்பதுக்குள் ஓர் எண். கடைசியில் மாத்திரை போட்டாயா என்று ஒரு கட்டம். வாயைத் திறக்க வேண்டாம், தட்டினால் போதும்.

சத்தம் என்றால் அவன் காதில் மட்டும் பேசுகிற சத்தம். என் தம்பிக்கு இது பதினைந்து வருஷமாக இருக்கிறது. கூலிம் ஃபேக்டரியில் டெக்னீஷியனாக இருந்தவன், இருபத்து மூன்று வயதில் ஒரு நாள் மெஷின் தன்னைத் திட்டுகிறது என்று வேலையை விட்டு வந்து நின்றான். அம்மா போன பிறகு அவன் என் பொறுப்பு. இப்போது செம்பனை நாற்றுப் பண்ணையில் தண்ணீர் ஊற்றுகிறான். யாராவது கேட்டால் நரம்புத் தளர்ச்சி என்று சொல்லி வைத்திருக்கிறேன். கிளினிக் அட்டையில் ஸ்கிஸோஃப்ரினியா என்று போட்டிருக்கிறது. அட்டையைப் பீரோவில் சேலைக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

மிஸி அவனிடம், "தம்பி, அதுங்க பேசினா பேசட்டும். நீங்க பதில் சொல்லக் கூடாது. கேள்வியும் கேக்கக் கூடாது. காலையில எனக்கு எண்ணை மட்டும் தட்டிவிடுங்க" என்றார். அப்புறம், "நான் பார்ப்பேன். கூட யார் பார்க்கலாம்னு கேக்குது. யாரைப் போடட்டும்?" என்று கேட்டார்.

யோசிக்கவே இல்லை. "அக்காவை" என்றான்.

22 ஜூலை, திங்கள்

நான் சமைக்கிற பள்ளிக் கேண்டீனில் பீஹூன் பிரட்டிக்கொண்டிருக்கும்போது போன் டிங் என்றது. 6 3 2 5. ஆறு மணி நேரம் தூங்கியிருக்கிறான். சத்தம் மூன்று, பரவாயில்லை. பயம் இரண்டு. மனசு ஐந்து. ஒரே வீட்டில் இருக்கிறோம், ஒரு வாரத்துக்கு அவன் வாயிலிருந்து வருகிற பேச்சு "சோறு போதும்கா" மட்டும்தான். இந்த நாலு எண்ணில் அதைவிட அதிகம் சொல்கிறான். கரண்டியை வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். வெங்காயம் என்று சொல்லிக்கொண்டேன்.

31 ஜூலை, புதன்

இவர் இருக்கிறாரே, என் வீட்டுக்காரர் தர்மலிங்கம், செம்பனைப் பழ லோரி ஓட்டுகிறவர், நாலு எண் லாட்டரி விற்கும் நம்பர் கடைக்குப் போகாத புதன், சனி, ஞாயிறு கிடையாது. சாலையில் காடி மோதிக் கிடந்தால் ஆள் பிழைத்தானா என்று பார்க்கும் முன் நம்பர் பிளேட்டைப் பார்க்கிறவர். கனவில் பாம்பு வந்தாலும் அதற்கு ஒரு நம்பர் வைத்திருப்பார். எத்தனை வருஷம் இதற்காக அவரைக் கிழித்திருக்கிறேன்.

போன வாரம் மேசையில் என் போன் கிடந்தது. எட்டிப் பார்த்து, "ஆறு மூணு ரெண்டு அஞ்சு. இது யாரு கொடுத்த நம்பர்?" என்றார். ஜெயாவுடைய தூக்கம், சத்தம் என்று விளக்கினேன். அது எங்கே அவர் காதில் ஏறுகிறது. "தானா வர்ற நம்பர்லா சுந்தரி. கேட்டு வாங்கினா வராது. தானா வரணும்" என்று போய்விட்டார்.

இன்று சாயந்திரம் ஆட்டிறைச்சியோடு வந்தார். கன்சலேஷன், அதாவது ஆறுதல் பரிசு, அடித்துவிட்டதாம். அதே 6325.

நன்றாகத் திட்டினேன். நோயாளியின் எண்ணில் சூதாட வெட்கமாக இல்லையா என்று கேட்டேன். பிறகு இறைச்சியைக் கழுவி மசாலா தடவினேன். ஜெயா இரண்டு முறை சோறு போட்டுச் சாப்பிட்டான்.

7 ஆகஸ்ட், புதன்

இவர் காலையில் போன் செய்தார். "இன்னிக்கு என்ன?" என்றார். நான் சொன்னேன். எதற்குக் கேட்கிறார் என்று தெரிந்துதான் சொன்னேன்.

11 ஆகஸ்ட், ஞாயிறு

நேற்று ஒரே ஒரு எண் தப்பு. ஜெயா தட்டியது 5 4 2 6. விழுந்தது 5427, இரண்டாம் பரிசு. இவர் சோறு சாப்பிடவில்லை. நானும்தான். ராத்திரி பூராவும் அந்த ஆறு ஏழாகியிருக்கக் கூடாதா என்றே மனசு அடித்துக்கொண்டது. மனசு ஆறு என்று தட்டியிருக்கிறான். இன்னும் கொஞ்சம் சந்தோஷமாக இருந்திருந்தால் ஏழு என்று தட்டியிருப்பான். இப்படிக்கூட நினைத்தேன். எழுதும்போது கை கூசுகிறது.

17 ஆகஸ்ட், சனி

இன்று நானே பீடோங் டவுனுக்கு பஸ் ஏறிப் போய் வாங்கினேன். முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு, தெரிந்தவர் யாரும் இருக்கிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு. சீட்டை என் பாஜு சட்டைப் பாக்கெட்டில் மடித்து வைத்தேன். அடிக்கவில்லை.

20 ஆகஸ்ட், செவ்வாய்

2 7 6 3.

காலை ஏழு மணிக்கு இது வந்தது. குலுக்கலில் 2763 வந்து ரொம்ப நாளாயிற்று, நாளைக்கு இதை விடக்கூடாது என்று நினைத்தேன். அவ்வளவுதான் நினைத்தேன்.

பத்து மணிக்கு அனீசா மிஸி போன் செய்தார். "அக்கா, ஜெயக்குமாருக்கு ரெண்டு மணி நேரம்தான் தூக்கம். சத்தம் ஏழு காட்டுது. வீட்டுல ஏதும் பிரச்சினையா?" எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கையில் எண் இருக்கிறது, அதை நான் படிக்கவே இல்லையே. பிள்ளைகள் ரொட்டி கேட்டு வரிசையில் நிற்கிறார்கள். பல்வலி மிஸி, அதான் தூங்கல என்று சொல்லிவிட்டேன். எங்கிருந்து வந்தது அந்தப் பல்வலி. வாய் தானாகச் சொன்னது.

வீட்டுக்கு வந்ததும் அவனிடம் கேட்டிருக்கலாம். இவர் எதிரில் இருந்தார், கேட்கவில்லை.

1 செப்டம்பர், ஞாயிறு

பக்கத்து வீட்டு புஷ்பவள்ளி பாயசம் கொண்டுவந்தாள். எனக்கில்லை, ஜெயாவுக்கு. "தம்பி பசியாறியாச்சா?" என்று வாசலில் நின்றே கேட்டாள். இந்தத் தாமான் குடியிருப்புக்கு வந்து ஒன்பது வருஷம். அவன் வாசலில் நின்றால் தன் பிள்ளையை உள்ளே கூப்பிட்டுக்கொள்கிறவள் அவள். இவர் வாயில் எதுதான் தங்கும், நம்பர் அடித்த கதையை லோரிக்காரர்களிடம் சொல்லியிருக்கிறார், அது வீடு வீடாகப் போயிருக்கிறது.

முனீஸ்வரர் கோயில் பக்கிரிசாமி அண்ணன் அவன் கையில் கயிறு கட்டி, தேங்காய் மூடி கொடுத்து அனுப்பியிருக்கிறார். கடைக்குப் போனால் தலையாட்டுகிறார்களாம்.

எனக்குப் பிடித்திருந்தது. மறைக்காமல் எழுதுகிறேன். பதினைந்து வருஷம் தலையைக் குனிந்துகொண்டு நடந்தவளுக்கு, என் தம்பியைப் பார்த்து நாலு பேர் சிரிப்பது பிடிக்காமலா இருக்கும்.

அவனே கேட்டான். "எல்லாரும் ஏன்கா எங்கிட்ட சிரிக்கிறாங்க?"

உன் நல்ல மனசுக்குடா என்றேன்.

அவன் என்னை ரொம்ப நேரம் பார்த்தான். ஏனோ நான்தான் பார்வையைத் திருப்பிக்கொண்டேன்.

8 செப்டம்பர், ஞாயிறு

கொஞ்ச நாளாக எண்கள் விதவிதமாக வருகின்றன. நேற்று 9 0 3 8, இன்று 1 8 4 7. முன்பு ஐந்து, ஆறு என்று ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. இவருக்கு ஒரே குஷி. நல்ல நம்பராக வருகிறதாம்.

ஒன்பது மணி நேரம் தூங்கினான் என்று வந்த காலையில் அவன் அறையைக் கூட்டினேன். படுக்கை விரிப்பு நான் மடித்து வைத்தபடியே இருந்தது. பார்த்தேன். கூட்டி முடித்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு வந்தேன்.

குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு யாரிடமோ பேசுகிறான்.

10 செப்டம்பர், செவ்வாய்

மிஸி மறுபடி போன். எண்கள் ரொம்ப எகிறுது அக்கா, வியாழக்கிழமை கூட்டிட்டு வாங்க என்றார். வியாழன் கேண்டீனில் கணக்குப் பார்க்கிற நாள், லீவு விடப்போகிறார்கள், அடுத்த வாரம் வரட்டுமா என்று கேட்டேன். "மாத்திரை போடுறாரா?" என்றார். டிக் இருக்கே மிஸி என்றேன். டிக் இருந்தது உண்மை.

எனக்கே ஒரு பயம் இருந்தது. போனால் டாக்டர் வார்டில் போட்டுவிடுவார். தாமானில் எல்லாருக்கும் தெரிந்துவிடும். இப்போதுதான் மதிக்கிறார்கள்.

14 செப்டம்பர், சனி

எப்படி எழுதுவது. எழுதித்தான் ஆகணும். இல்லாவிட்டால் நாளைக்கே வேறு மாதிரி நடந்ததாக எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். என்னைப் பற்றி எனக்குத் தெரியும்.

காலையில் 7 0 4 8 வந்தது. பேனாவால் உள்ளங்கையில் எழுதிக்கொண்டு பத்து மணி பஸ்ஸில் பீடோங் போனேன். ஜெயா சைக்கிளில் பண்ணைக்குப் போயிருக்கிறான் என்று நினைப்பு. நம்பர் கடை முன்னால் கூட்டம். யாரோ மயங்கி விழுந்துவிட்டார்களோ என்று நினைத்தேன். நடுவில் ஜெயா.

சுவரைப் பார்த்து நிற்கிறான். சுவரிடம் ஏதோ கேட்கிறான். காதைச் சாய்த்துக் கேட்டுக்கொள்கிறான். திரும்பி நாலு எண் சொல்கிறான். மறுபடி சுவர். பதினைந்து இருபது பேர் இருப்பார்கள், நம்ம ஆட்கள், சீனர், மலாய்க்காரர், எல்லாரும். ஒருத்தன் போனை அவன் வாய்க்குப் பக்கத்தில் பிடித்துப் பதிவு செய்கிறான். ஒருத்தர் குளிர்ந்த டின்னைத் திறந்து அவன் கையில் வைத்து, "மெதுவா சொல்லு தம்பி, ரெண்டாவது என்ன, ஆறா ஒம்பதா?" என்கிறார். பக்கிரிசாமி அண்ணன் சிகரெட் பெட்டியில் எழுதிக்கொண்டிருந்தார். ஜெயா அழுதுகொண்டே சொல்கிறான். மூக்கு ஒழுகுகிறது. ஏன் அழுகிறாய் என்று ஒருத்தர் கேட்கவில்லை.

நான் என்ன செய்தேன். அவன் எண் சொன்னான், ஏழு பூஜ்யம் எட்டு நாலு. நான் கையை விரித்து, என் கையில் இருப்பதோடு ஒத்துப்பார்த்தேன். அதுதான் முதல். அதற்குப் பிறகுதான் அவன் காலில் செருப்பு இல்லாதது தெரிந்தது. சட்டையை உள் வெளியாகப் போட்டிருந்தது தெரிந்தது. குதிகாலில் ரத்தம் தெரிந்தது.

இவரையா நம்பர் பிளேட் பார்க்கிற ஆள் என்றேன். நான் யாரு. ச்சீ.

கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு போய்க் கையைப் பிடித்தேன். அவன் உதறவில்லை. "இருக்கா, இன்னும் சரியா சொல்லல. இப்ப சொல்லிடும்" என்றான். பின்னால் ஒருத்தி, "கொஞ்சம் விடுங்கக்கா, எங்களுக்கு ஒன்னு சொல்லட்டும்" என்கிறாள். என்னை யாரென்று அவளுக்குத் தெரியாது. அவளை அறையக் கை ஓங்கினேன். உள்ளங்கையில் 7048.

மிஸிக்குப் போன் செய்தேன். லீவு நாள், ஆனாலும் எடுத்தார். நேராக எமர்ஜென்சிக்குக் கொண்டு வாங்க, நான் சொல்லி வைக்கிறேன் என்றார். பக்கிரிசாமி அண்ணன்தான் காடி எடுத்தார். வழியில் சிகரெட் பெட்டியை ஜன்னல் வழியாகப் போட்டதைப் பார்த்தேன்.

15 செப்டம்பர், ஞாயிறு

வார்டில் சேர்த்தாயிற்று. கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுகிறேன். மை இன்னும் லேசாக இருக்கிறது.

17 செப்டம்பர், செவ்வாய்

இன்று ஐந்து நிமிஷம் பார்க்க விட்டார்கள். மருந்தில் நாக்கு தடித்துப் பேசுகிறான். ஏன்டா ஜெயா, மிஸி கேள்வி கேக்கக் கூடாதுன்னு சொன்னாங்களே என்றேன். குறை சொல்லவில்லை, தாங்காமல் கேட்டேன்.

சொன்னான். துவைக்கிற வேலை அவனுடையதுதானே, மெஷினில் போடும் முன் பாக்கெட்டெல்லாம் பார்ப்பான், டிஷ்யூ இருந்தால் துணியெல்லாம் ஒட்டிக்கொள்ளும். என் பாஜு பாக்கெட்டில் சீட்டு இருந்திருக்கிறது. அவன் மாமாவின் சிலுவார் கால்சட்டையிலும் இருந்திருக்கிறது. பார்த்தால் அவன் காலையில் தட்டின எண்கள். ஒவ்வொன்றாக எடுத்து ஒரு பால்மாவு டின்னில் சேர்த்து வைத்திருக்கிறான்.

"நான் பார்த்ததுல ஒன்னுகூட அடிக்கலக்கா. எனக்குக் கஷ்டமா போச்சு. நீங்க ரெண்டு பேரும் இவ்ளோ செய்றீங்க, நான் குடுக்கிற நம்பர் தோத்துக்கிட்டே இருக்கு. அதான் அதுங்ககிட்ட நல்ல நம்பரா கேட்டேன்."

மாத்திரை? மாத்திரை போட்டால் அதுங்கள் மெல்லமாகப் பேசுகின்றனவாம். எண் சரியாகக் காதில் விழவில்லையாம். அதனால் நிறுத்தியிருக்கிறான். நான் கவலைப்படக் கூடாதென்று டிக் மட்டும் போட்டிருக்கிறான்.

காலைத் தொட்டேன், போர்வைக்கு மேலாக. கட்டுப் போட்ட கால். "இன்னிக்கு என்னக்கா அடிச்சுது?" என்று கேட்டான். எழுந்து வந்துவிட்டேன். தாங்க முடியலடா, அதான் எழுந்தேன். உன்னை விட்டு வரணும்னு இல்ல.

18 செப்டம்பர், புதன்

டின்னைத் தேடி எடுத்தேன். அவன் கட்டிலுக்கு அடியில். தேதி வாரியாக அடுக்கி ரப்பர் பேண்ட் போட்டிருக்கிறான். அதில் ஒன்று 2763. தூக்கம் இரண்டு, சத்தம் ஏழு, பயம் ஆறு, மனசு மூன்று. அன்றைக்கு அவன் கத்தியிருக்கிறான். நான் அதைச் சீட்டாக்கி மடித்துப் பாக்கெட்டில் போட்டிருக்கிறேன்.

இவரிடம் காட்டினேன். இவர் பார்த்தார். சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். நம்பர் கடைக்கோ என்று நினைத்தேன், இல்லை. லோரிக்குள் ஏறி உட்கார்ந்திருந்தார், ஓட்டாமல். ரொம்ப நேரம் கழித்துச் சோறு கொண்டுபோய்க் கொடுத்தேன். "நான்தான்டி ஆரம்பிச்சேன்" என்றார். ஆமா, நீங்கதான் என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. அவர் மேல் போட்டுவிட்டு நான் தப்பித்துக்கொள்வேனே, அதனால்.

26 செப்டம்பர், வியாழன்

அனீசா மிஸியிடம் எல்லாம் சொல்லிவிட்டேன். பல்வலி பொய். படுக்கை விரிப்பு. சீட்டு. கடை. என் வயது ஐம்பத்தொன்று, அவருக்கு முப்பதுகூட இருக்காது. டீச்சர் முன் நிற்கிற பிள்ளை மாதிரி நின்றேன். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டினால் நன்றாக இருக்கும் என்று நினைத்தேன்.

"நான் ரெண்டு தடவை போன் பண்ணி கேட்டேன்லக்கா" என்றார். அவ்வளவுதான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "என் மேலயும் தப்பு இருக்கு. எண்ணை மட்டும் பார்த்துக்கிட்டு இருந்தேன், நேர்ல வந்திருக்கணும்" என்றார். அவரைச் சொல்ல விட்டுவிட்டு நான் சும்மா நின்றேன். உங்க மேல தப்பு இல்ல மிஸி என்றுகூடச் சொல்லத் தோன்றவில்லை.

3 அக்டோபர், வியாழன்

வார்டில் மூன்று பேரும் உட்கார்ந்தோம். மிஸி அவனிடம் போனைக் கொடுத்து, ஆப் வேண்டாமென்றால் எடுத்துவிடலாம், யாரும் கட்டாயப்படுத்தவில்லை என்றார். அவன் வேண்டும் என்றான். பேசுவதைவிட அது சுலபம் என்றான். அப்போது மிஸி ஜூலையில் கேட்ட அதே கேள்வியைக் கேட்டார். "கூட யார் பார்க்கலாம்?"

இந்தத் தடவை யோசித்தான். கட்டைவிரல் என் பேரின் மேல் நின்றுகொண்டிருந்தது, நான் பக்கத்தில்தானே இருக்கிறேன், தெரிகிறது. பிறகு என் பேரை எடுத்துவிட்டான். என்னைப் பார்த்து, "கோவிச்சுக்காதக்கா" என்றான்.

கோபமா. எனக்கா.

என் போனில் பச்சை இலை அப்படியே இருக்கிறது. தொட்டால் வெள்ளையாக ஒன்றுமில்லாமல் வருகிறது.

9 அக்டோபர், புதன்

வீட்டுக்கு வந்து மூன்று நாள். தூங்குகிறான், சாப்பிடுகிறான், டிவி முன் உட்காருகிறான். காலை ஏழு மணிக்கு அவன் அறைக்குள் அவன் போன் சத்தம் போடும் என்று தெரியும். கேண்டீனில் என் கை தானாக பாக்கெட்டுக்குப் போகிறது. கையை எடுத்துவிடுகிறேன்.

புஷ்பவள்ளி சாயந்திரம் வாசலில் வந்து நின்றாள். தம்பி வந்தாச்சாமே, ஒரே ஒரு நம்பர் மட்டும் என்றாள். நான் கத்தின கத்தலில் எதிர் வீட்டு நாய் குரைத்தது. அவள் முகம் செத்துப்போயிற்று. அவளை ஏன் திட்டினேன். நான் செய்ததைத்தானே அவள் செய்கிறாள். பாயசமாவது கொண்டுவந்தாள்.

31 அக்டோபர், தீபாவளி

எண்ணெய் தேய்த்துக் குளித்தான். புதுச் சட்டை போட்டான். கூட்டம் வேண்டாம் என்று சொல்லி அறைக்குள் முறுக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

பக்கிரிசாமி அண்ணனும் புஷ்பவள்ளியும் அவள் வீட்டுக்காரரும் வந்தார்கள். முறுக்கு கடிக்கிற சத்தம் மட்டும். கடைசியில் அண்ணன், "தம்பிக்கு அந்த நரம்புத் தளர்ச்சி இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டார். நான் கோப்பி ஊற்றிக்கொண்டிருந்தேன். நரம்புத் தளர்ச்சி இல்லண்ணே, ஸ்கிஸோஃப்ரினியா, மனச்சிதைவுன்னு சொல்வாங்க, பதினஞ்சு வருஷமா இருக்கு, காதுல குரல் கேக்கும், அது சாமியும் இல்ல நம்பரும் இல்ல, அது அவனைப் போட்டு வதைக்குது என்றேன். மூச்சு விடாமல் சொல்லிவிட்டேன். கோப்பி தட்டில் வழிந்துவிட்டது.

இவர் தலையைக் குனிந்துகொண்டார். புஷ்பவள்ளி துணியை எடுத்துத் துடைத்தாள்.

அவர்கள் போன பிறகு உறைத்தது. பொய்யை நான் கலைத்துவிட்டேன் சரி, அவன் நோயை ஊருக்குச் சொல்வதற்கும் அவனைக் கேட்கவில்லையே. மறுபடி அவனிடமிருந்து கேட்காமல் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். கதவைத் தட்டிச் சொன்னேன். முறுக்கை மென்றுகொண்டே, "கேட்டுச்சுக்கா, சுவர் மெல்லிசு" என்றான். வருத்தமா என்றேன். தோளைக் குலுக்கினான். நல்லதா கெட்டதா, எனக்குத் தெரியவில்லை.

13 நவம்பர், புதன்

பண்ணையில் பாதி நாள் வேலைக்குப் போகிறான். இவர் லோரியில் இறக்கிவிடுகிறார். டவுன் வழியாகப் போகாமல் தோட்டத்து மண் சாலையில் சுற்றிப் போகிறார். நான் சொல்லவில்லை, அவராகவே.

29 நவம்பர், வெள்ளி

நாலு நாளாக மழை. பாலிங் பக்கம் வெள்ளம் என்கிறார்கள். இங்கே வாசலோடு நிற்கிறது. பள்ளி இல்லை, பண்ணையும் இல்லை. ஜெயா பின்கட்டில் துணி துவைத்துக்கொண்டிருந்தான். நான் பக்கத்தில் உட்கார்ந்து கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன்.

என் பாஜு பாக்கெட்டைப் பழக்கப்படி வெளியே இழுத்துப் பார்த்தான். ஒரு ஹேர்பின்னும் வெங்காயத் தோலும்தான் இருந்தன. அவற்றைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான்.

"நம்பர் வேணுமாக்கா?"

கிழங்கு உரிக்கிற கத்தி கையில் நின்றுவிட்டது. அவன் வாயோரம் லேசாகக் கோணியிருந்தது. கேலி செய்கிறான். பதினைந்து வருஷத்தில் இவன் என்னைக் கேலி செய்து பார்த்ததில்லை. சிரிக்கவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை.

வேணாம்டா என்றேன். அப்புறம் கிழங்கையே பார்த்துக்கொண்டு, எப்படி இருக்கேன்னு வாயால சொல்றதா இருந்தா சொல்லு, இல்லாட்டி பரவால்ல என்றேன். இதைக் கேட்க எனக்கு இத்தனை மாசம். பக்கத்து அறையில் இருக்கிறவனிடம்.

துணியை மெஷினில் போட்டான். சோப்புத் தூள் போட்டான். பொத்தானை அமுக்கினான். சொல்ல மாட்டான் என்று நினைத்தேன். சுவரில் சாய்ந்து உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தான். மெஷின் துவைத்து, அலசி, பிழிந்து நிற்கும் வரைக்கும் சொன்னான். நடுவில் நான் ஒரு வார்த்தை பேசவில்லை. கிழங்கெல்லாம் உரித்து முடிந்தும் எழுந்திருக்கவில்லை.

என்ன சொன்னான் என்று இங்கே எழுதவில்லை. எழுதலாமா என்று அவனை நான் கேட்கவில்லை.

மழை விடவில்லை. உள்ளேயே கயிறு கட்டித் துணியைக் காயப்போட்டோம்.